வீட்டிலேயே ஸ்பிரே கன்னில் பெயின்ட் அடிக்க: தேர்வு முதல் கழுவி வைப்பது வரை

ஸ்பிரே கன் காணொளிகளில் ஒருவர் கன்னை எடுத்து நாலு வீச்சு வீசுவார், கதவு பளபளவென்று ஆகிவிடும். அதற்கு முன்னால் தேய்த்ததையும், ஒட்டியதையும், பெயின்ட்டைக் கலக்கிக் கலக்கிப் பார்த்ததையும், கடைசியில் கன்னைப் பிரித்துப் போட்டுக் கழுவியதையும் யாரும் காட்டுவதில்லை. என் கன்னோடு வந்த கையேட்டிலும் படங்கள்தான் இருந்தன, விளக்கம் இல்லை. தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு அந்தத் தடுமாற்றம் வேண்டாம் என்பதால், செய்ய வேண்டிய வரிசையிலேயே எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ட்ரிக்கரை அழுத்தி அடிக்கும் நேரம் இந்த வேலையில் மிகச் சின்னப் பகுதி. மீதி எல்லாம் தயாரிப்பும் சுத்தமும். அதற்கு மனம் ஒப்பவில்லை என்றால் ரோலரே போதும், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

1. இந்த வேலைக்கு ஸ்பிரே தேவைதானா?

ஸ்பிரே நன்றாகப் பலன் தரும் இடங்கள்: கதவுகள், அலமாரிக் கதவுகள், சட்டம் சட்டமாக இருக்கும் ஜன்னல், கம்பிக் கதவு, வேலி, பிரம்பு நாற்காலி, இடுக்கும் வளைவும் நிறைந்த மரச்சாமான். பிரஷ் தடம் தெரியாத மழமழப்பு வேண்டும் என்றாலும் இதுதான் வழி. சாமான் எதுவும் இல்லாத காலி வீட்டின் சுவர்களும் கூரையும் என்றால் ஸ்பிரே வேகமாக முடித்துவிடும்.

ஆள் குடியிருக்கும் வீட்டில் ஒரே ஒரு அறையின் சுவர் என்றால் வேண்டாம். தரை, கட்டில், மின்விசிறி, ஸ்விட்ச் எல்லாவற்றையும் மூடி முடிப்பதற்குள் ரோலர்காரர் முதல் கோட்டை முடித்திருப்பார். ஒரு சின்ன ஸ்டூலுக்காகப் புதுக் கன் வாங்குவதும் வீண். அதற்கு ஏரோசால் டப்பா ஒன்று போதும்.

2. எந்த வகைக் கன்?

வீட்டு வேலைக்கு வருபவை மூன்று வகை.

முதலாவது, மின்சாரத்தில் ஓடும் கைக் கன். உள்ளேயோ தனிப்பெட்டியிலோ ஒரு டர்பைன் காற்றை ஊதும். எச்விஎல்பி என்று பெட்டியில் போட்டிருக்கும். காற்று நிறைய, அழுத்தம் குறைவு என்று அர்த்தம். முனையில் அழுத்தம் 10 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) மேல் போகாது. அதனால் பெயின்ட் தெறித்துத் திரும்புவது குறைவு. குவளையில் பெரும்பாலும் 700 மில்லி முதல் 1 லிட்டர் வரை பிடிக்கும். கதவு, சாமான், வேலிக்கு இது போதும். மோட்டார் கன்னிலேயே இருக்கும் மாடலை விட, டர்பைன் தரையில் உட்கார்ந்து குழாய் வழியே காற்றனுப்பும் மாடல் கைக்கு இலகு. கூரையைப் பார்த்து அடிக்கும்போது அந்த எடையின் அருமை தெரியும்.

இரண்டாவது, கம்ப்ரசரில் பூட்டும் கன். மூன்றிலும் மிக நேர்த்தியான பூச்சு இதில்தான் வரும். ஆனால் கன் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். பல கன்கள் நிமிடத்துக்கு 8 முதல் 15 கன அடி காற்று கேட்கும். டயருக்குக் காற்றடிக்கும் சின்னக் கம்ப்ரசரால் அதைத் தொடர்ந்து தர முடியாது. பாதிக் கதவில் அழுத்தம் இறங்கி, பெயின்ட் பொட்டுப் பொட்டாக விழ ஆரம்பிக்கும். கன்னின் பெட்டியில் இருக்கும் காற்றுத் தேவையையும், கம்ப்ரசர் தகட்டில் இருக்கும் காற்று அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டாங்க் எத்தனை லிட்டர் என்பதை மட்டும் பார்ப்பது போதாது. குழாயில் தண்ணீர் பிரிப்பான் ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, ஏர்லெஸ் பம்பு. காற்றே கிடையாது, பெயின்ட்டையே 1500 முதல் 3000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் சின்ன ஓட்டை வழியாகத் தள்ளும். சுவர், கூரை, வெளிப்புறம் இதன் ஆட்சி. எமல்ஷனை, அதாவது தண்ணீரில் கரையும் சுவர்ப் பெயின்ட்டை, பெரும்பாலும் தண்ணீர் சேர்க்காமலே அடிக்கலாம். வாங்குவதை விட வாடகைக்கு எடுப்பது நல்லது, வருடத்துக்கு ஒரு தடவை கூடத் தேவைப்படாத சாமான் இது.

முனை அளவைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றுக் கன்களில் வார்னிஷ், லாக்கர், எனாமலுக்கு 1.3 அல்லது 1.4 மி.மீ. சரி. பிரைமருக்கு, அதாவது நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சுக்கு, 1.8 போல வேண்டும். எமல்ஷனுக்கு 1.8 முதல் 2.5 வரை. 1.4 முனையில் எமல்ஷனை அடிக்கவே கூடாது என்றில்லை, ஆனால் அதற்காகத் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பெயின்ட்டின் மூடும் திறனையே கெடுத்துவிடுவீர்கள்.

ஏர்லெஸ் முனையில் 517 என்பது போல மூன்று இலக்கம் இருக்கும். முதல் இலக்கத்தை இரண்டால் பெருக்கினால், ஒரு அடி தூரத்தில் விசிறி போல விரிந்து விழும் பெயின்ட்டின் அகலம், அங்குலத்தில். ஆக 5 என்றால் 10 அங்குலம். பின்னால் வரும் 17, ஓட்டையின் அளவு, அங்குலத்தின் ஆயிரத்தில் 17 பங்கு. சுவர் எமல்ஷனுக்கு 15 முதல் 19 வரை, எனாமல், வார்னிஷுக்கு 9 முதல் 13 வரை. வாடகைக் கடையில் இதைச் சொல்லிக் கேட்டால் உங்களைப் புது ஆள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

3. வாங்கும் முன் படிக்க வேண்டிய தாள்கள்

மூன்று தாள்கள் கையில் இருக்கட்டும். மூன்றும் இலவசம், நம்மில் பலர் மூன்றையும் படிப்பதில்லை.

கன்னின் கையேடு. எந்தெந்தப் பெயின்ட் அடிக்கலாம், எவை கூடாது, எத்தனை டிகிரி தீப்பற்றுநிலைக்குக் கீழ் உள்ள திரவத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். மின்சாரக் கைக் கன்களில் மோட்டார் இருப்பதால், சட்டென்று ஆவியாகித் தீப்பிடிக்கும் லாக்கர், அதை நீர்க்கும் என்சி தின்னர் வகைகளைப் பல மாடல்களில் ஊற்றவே கூடாது. விற்பவர் "எல்லாம் அடிக்கும்" என்பார். அவர் பேச்சை விடுங்கள், அச்சில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பெயின்ட்டின் தொழில்நுட்பத் தகவல் தாள். டப்பாவின் மேல் இருப்பதை விட விரிவாக, தயாரிப்பாளரின் இணையதளத்தில் கிடைக்கும். எதில், எத்தனை சதவீதம் வரை நீர்க்கலாம், ஸ்பிரேக்கு எந்த முனை, ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டர் வரும், அடுத்த கோட் எத்தனை மணி நேரம் கழித்து என்று நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். "ஸ்பிரேக்கு ஏற்றதல்ல" என்று இருந்தால் அந்தப் பெயின்ட்டை வாங்க வேண்டாம்.

பாதுகாப்புத் தாள். எந்த முகமூடி, எந்த வடிப்பான், கண்ணில் பட்டால் என்ன செய்வது என்பதற்காக. இதில் ஐசோசயனேட் என்ற சொல் தென்பட்டால் அந்த வேலையைக் கையில் எடுக்காதீர்கள். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பூச்சுகள் பலவற்றில் அது உண்டு. மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. அதற்கு வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகக்கவசம் வேண்டும். அது பட்டறை வேலை, வீட்டு வேலை இல்லை.

பம்பு வாடகைக்கு எடுத்தால் நான்காவதாக ஒரு தாள், வாடகைச் சீட்டு. முன்பணம் எவ்வளவு, சுத்தம் செய்யாமல் கொடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள், முனை தேய்ந்தால் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். எடுக்கும்போதே குழாய், முனை, வடிகட்டிகளைப் படம் பிடித்து வையுங்கள். குழாயில் தண்ணீரை ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் போனவர் அடித்த நிறம் உங்கள் வெள்ளைச் சுவரில் வந்து விழும்.

4. செலவு எங்கே போகிறது?

கன்னின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கூடவே போகும் செலவுகள் இவை: மாஸ்கிங் டேப், பிளாஸ்டிக் தாள், முகமூடியும் மாற்று வடிப்பான்களும், கண்ணாடி, கையுறை, வடிகட்டி வலை, உப்புத்தாள், கழுவுவதற்கான தின்னர். சின்ன வேலையில் இவை எல்லாம் சேர்ந்து கன்னின் விலையைத் தொட்டுவிடும்.

அப்புறம் பெயின்ட். நல்ல எச்விஎல்பி கன்னில்கூட மூன்றில் ஒரு பங்கு வரை காற்றோடு போகலாம். கம்பிக் கதவு மாதிரி ஓட்டை நிறைந்த பொருளில் இன்னும் அதிகம். அதனால் கணக்கு இப்படி: மொத்தப் பரப்பைக் கோட்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, தாளில் போட்டிருக்கும் பரப்பளவால் வகுத்து, வரும் லிட்டரோடு அதில் பாதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு டப்பாவுக்கு மேல் வாங்கினால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்த பிறகு தொடங்குங்கள். டப்பாவுக்கு டப்பா நிறம் சற்றே மாறும்.

செலவைக் குறைக்க வேண்டுமானால் கன்னில் குறைக்கலாம், டேப்பில் கூடாது. மட்டமான டேப் சுவரோடு ஒட்டிக்கொண்டு வராது, வந்தால் பழைய பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு வரும்.

5. நாளும் நேரமும்

ஒரு அலமாரியின் கதவுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் கழற்றுவது, கழுவுவது, தேய்ப்பது, பட்டி வைப்பது. அடுத்த நாள் பிரைமரும், காய்ந்ததும் மெல்லத் தேய்ப்பதும். மூன்றாம் நாள் நிறம். தண்ணீரில் கரையும் எனாமல் என்றால் இரண்டு கோட்டும் அன்றே முடியலாம், ஏனென்றால் பெரும்பாலும் 2 முதல் 4 மணி நேரத்தில் மறுகோட் அடிக்கலாம். எண்ணெய் எனாமல் என்றால் கோட்டுக்குக் கோட் 16 முதல் 24 மணி நேரம். இதில் பின்பக்கம் தனி, முன்பக்கம் தனி என்று நாள் நீளும். ஒரே நாளில் முடிகிற வேலை என்று வீட்டில் வாக்குக் கொடுக்காதீர்கள்.

வானிலை: 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பெரும்பாலான பெயின்ட் சரியாகக் காயாது. 32 டிகிரிக்கு மேல் போனால் பரப்பில் விழுவதற்குள்ளேயே காயத் தொடங்கிச் சொரசொரப்பாகும். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். நேர் வெயில் விழும் சுவரில் அடிக்காதீர்கள், நிழல் வரும்வரை காத்திருங்கள். வெளியில் காலைப் பனி காய்ந்த பிறகு தொடங்கி, மாலைப் பனி இறங்குவதற்குள் பூச்சு முதலில் உலர்ந்து முடியும்படி நேரம் பாருங்கள். காற்றடிக்கும் நாளில் வெளியே ஸ்பிரே வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டுக் கார் மேல் ஒரு தடவை வெள்ளைப் புள்ளி விழுந்தால், பெயின்ட் செலவை விடப் பாலிஷ் செலவு பெரிது, மனக்கசப்பு அதை விடப் பெரிது.

6. மூச்சும் நெருப்பும்

துணி முகமூடி போதாது. என்-95 தூசியைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. எண்ணெய்ப் பெயின்ட், வார்னிஷ், லாக்கருக்குக் கரிம ஆவி வடிப்பானும் துகள் வடிப்பானும் சேர்ந்த அரைமுக ரெஸ்பிரேட்டர் வேண்டும். போட்டுக்கொண்டே பெயின்ட் வாசனை வந்தால் வடிப்பான் தீர்ந்துவிட்டது, அல்லது முகத்தில் சரியாகப் பொருந்தவில்லை. தாடி இருந்தால் பொருந்தாது. வேலை முடிந்ததும் வடிப்பானைக் காற்றுப் புகாத பையில் வைத்து மூடுங்கள். வெளியில் கிடந்தால் காற்றிலிருப்பதை உறிஞ்சிக்கொண்டே தீர்ந்துபோகும்.

எண்ணெய் வகை அடிக்கும்போது அடுப்பு, கீசர் தீ, விளக்கு, சிகரெட் எதுவும் அருகில் கூடாது. காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போக வேண்டும். எண்ணெய்ப் பெயின்ட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அதில் சூடு கிளம்பும், குவியலாக இருந்தால் தானே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போட்ட பிறகே குப்பைக்கு.

ஏர்லெஸ் எடுப்பவர்களுக்கு இது தனியாக. அதன் முனைக்கு முன்னால் விரலை வைக்காதீர்கள், அடைப்பைப் பார்க்கக்கூட. அந்த அழுத்தத்தில் பெயின்ட் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே முள் குத்தியது போலத்தான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே திசு அழுக ஆரம்பித்திருக்கும், விரலையே இழக்க நேரும். அப்படி நடந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய், "உயர் அழுத்தத்தில் பெயின்ட் உள்ளே ஏறிவிட்டது" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். பாதுகாப்புத் தாளையும் கொண்டுபோங்கள். முனையைத் தொடும் முன் ஒவ்வொரு தடவையும் பம்பை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, ட்ரிக்கரைப் பூட்ட வேண்டும்.

7. பரப்பைத் தயார் செய்வது

ஸ்பிரே மறைக்காது, காட்டிக்கொடுக்கும். பிரஷ் தடத்தில் மறைந்துபோகும் சின்னப் பள்ளம்கூட மழமழப்பான பூச்சில் பளிச்சென்று தெரியும்.

சமையலறைக் கதவு என்றால் முதலில் எண்ணெய்ப் பசையைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். தேய்ப்பது அதற்குப் பிறகுதான். பசையோடு தேய்த்தால் பசை மரத்துக்குள் ஏறும். பள்ளங்களுக்குப் பட்டி, காய்ந்ததும் 120, பிறகு 180 அல்லது 220 உப்புத்தாள். தூசியைத் துடைத்து, பிரைமர் அடித்து, அது காய்ந்ததும் 320 தாளில் லேசாகத் தடவினாற்போல் ஒரு தேய்ப்பு. சிலிக்கான் கலந்த பாலிஷ் எப்போதாவது போட்டிருந்தால் பெயின்ட் அங்கங்கே விலகி மீன் கண் போல வட்டக்குழி விழும். அதற்கு ஏற்ற கரைப்பானில், துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும்.

மிகப் பழைய வீட்டின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். சோதனை செய்த பிறகு முடிவெடுங்கள், குழந்தைகள் உள்ள வீடென்றால் கட்டாயம்.

8. மூடுவதும் ஒட்டுவதும்

முதலில், கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றுங்கள். கீல், கைப்பிடி, ஸ்விட்ச் மூடி. ஸ்விட்ச் மூடியைத் தொடும் முன் மெயினை அணைத்து விடுங்கள். கழற்றிய கதவின் கீல் பள்ளத்தில் எண் எழுதி, அதன் மேல் டேப் ஒட்டுங்கள். எந்தக் கதவு எந்த இடம் என்பது கடைசியில் பெரிய புதிராகிவிடும்.

பெயின்ட் மூட்டம் நீங்கள் நினைக்கும் தூரத்துக்கு மேல் போகும். நீங்கள் அடிக்கும் திசையில் மட்டும் மூடினால் போதாது. கைக் கன் என்றாலும் சுற்றிலும் இரண்டு மீட்டராவது மூடுங்கள். அறைக்குள் என்றால் முழுத் தரையும், வாசல் இடைவெளியும், ஏசி வாயும். தரையில் வழுக்காத துணி, அதன் கீழே பிளாஸ்டிக். வெறும் பிளாஸ்டிக் மேல் நடந்தால் வழுக்கும், காய்ந்த பெயின்ட் அதிலிருந்து உதிர்ந்து ஈரக் கதவில் ஒட்டும். டேப்பின் ஓரத்தை விரல் நகத்தாலோ பட்டித் தகடாலோ அழுத்தித் தேய்த்து விடுங்கள். டேப்பை எடுப்பது, கடைசிக் கோட் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும், சாய்வாக மெல்ல இழுத்து. பூச்சு முழுக்க இறுகட்டும் என்று விட்டால் ஓரம் பிய்ந்து வரும்.

ஸ்பிரே செய்ய ஆகும் நேரத்தைப் போல இதற்கு மூன்று நான்கு மடங்கு ஆகும். ஆகட்டும்.

9. கலக்குவது, நீர்ப்பது, வடிகட்டுவது

புதியவர்களின் கன் அடைப்பு, துப்பல், வழிசல் இவற்றில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். டப்பாவின் அடியில் படிந்திருப்பதுதான் நிறம், அதைக் குச்சியால் கிளறி மேலே கொண்டுவந்து, ஒரே நிறமாகும்வரை கலக்குங்கள். வார்னிஷை மட்டும் குலுக்காதீர்கள், குமிழி விழும்.

நீர்ப்பதைக் கண்ணளவில் செய்யாதீர்கள். ஒரு லிட்டர் பெயின்ட்டை அளந்து ஊற்றி, முதலில் 5 சதவீதம், அதாவது 50 மில்லி மட்டும் சேருங்கள். எமல்ஷனுக்குத் தண்ணீர், எண்ணெய் எனாமலுக்கு டர்பன்டைன், லாக்கருக்கு அதற்குரிய தின்னர். ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றினால் திரிந்துபோகும். கலந்ததும் பிசுபிசுப்புக் குவளையில் சோதியுங்கள். பல கன்களோடு அடியில் ஓட்டை வைத்த சின்னக் குவளை ஒன்று வரும். அதை முழுக்க முக்கி எடுத்து, தொடர்ச்சியாக ஒழுகும் ஓட்டம் அறுபடும்வரை எத்தனை வினாடி என்று பாருங்கள். உங்கள் கையேட்டில் அந்தக் குவளைக்கு எத்தனை வினாடி என்று அட்டவணை இருக்கும். அதை விட அதிகம் ஆனால் இன்னொரு 50 மில்லி, மறுபடி சோதனை. பெயின்ட் தாளில் சொன்ன உச்ச அளவைத் தொட்ட பிறகும் ஓட்டம் கெட்டியாக இருந்தால், மேலும் நீர்க்காதீர்கள். பெரிய முனைக்கு மாறுங்கள். குளிரில் இருந்த டப்பா என்றால், அறை வெப்பத்துக்கு வரும்வரை வையுங்கள். குளிர்ந்த பெயின்ட் கெட்டியாக இருக்கும், அதை நம்பி மேலும் நீர்த்தால் பிற்பாடு வழிந்து ஓடிவிடும்.

எத்தனை மில்லி சேர்த்தீர்கள் என்று டப்பாவின் மேலேயே எழுதிவையுங்கள். அடுத்த குவளையும் அப்படியே கலந்தால்தான் பளபளப்பு ஒன்றாக வரும்.

கடைசியாக வடிகட்டல். புது டப்பாவாக இருந்தாலும் வடிகட்டுங்கள். காகித வடிகட்டிக் கூம்பு அல்லது நைலான் வலை. மூடி ஓரத்தில் காய்ந்த ஒரு சின்னத் துணுக்கு போதும், முனை அடைத்துக்கொள்ள.

10. அட்டையில் ஒத்திகை

பெரிய அட்டைப் பெட்டி ஒன்றை விரித்துச் சுவரில் சாய்த்து, முதலில் அதில் அடியுங்கள். முடிந்தால் பெயின்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரில் கை பழகுங்கள்.

இடவலமாகக் கையை நகர்த்தும்போது விசிறி நின்ற நிலையில் வர வேண்டும். முனையைச் சுற்றியிருக்கும் காற்று மூடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காதுகளும் படுக்கையாக இருந்தால் விசிறி நின்ற நிலையில் வரும். மேலிருந்து கீழாக நகர்த்தினால் காதுகளை நிமிர்த்துங்கள். பெயின்ட் அளவைத் திருகும் குமிழைக் குறைவில் வைத்துத் தொடங்கி, மெல்லக் கூட்டுங்கள்.

அட்டையில் விழுவதைப் பாருங்கள். நடுவில் கனமாக, ஓரத்தில் இல்லாமல் இருந்தால் காற்று போதவில்லை, அல்லது பெயின்ட் கெட்டி. நடுவில் காலியாக, இரண்டு முனையிலும் கனமாக இருந்தால் பெயின்ட் நீர்த்துவிட்டது, அல்லது காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் வளைந்தால் காற்று மூடியின் ஓட்டை ஒன்று அடைத்திருக்கிறது. ஏர்லெஸ்ஸில் விசிறியின் இரு ஓரமும் தனிக்கோடாகத் தெரிந்தால் அழுத்தம் குறைவு, கோடு மறையும்வரை மட்டும் ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றுவது மூட்டத்தைக் கிளப்பத்தான் உதவும்.

11. கை ஓட்டம்

தூரம்: கைக் கன் என்றால் 15 முதல் 20 செ.மீ., ஏர்லெஸ் என்றால் 30 செ.மீ. கிட்டே போனால் வழியும், விலகினால் காய்ந்த பொடி போல விழும்.

மணிக்கட்டை வீசாதீர்கள். வீசினால் நடுவில் கனமாகவும் இரு முனையில் மெல்லியதாகவும் விழும். தோளும் முழங்கையும் சேர்ந்து, பரப்புக்கு நேராகவே கன் நகர வேண்டும். பெரிய கதவென்றால் நீங்களே ஒரு எட்டு எடுத்து வையுங்கள்.

கை நகரத் தொடங்கிய பிறகு, ஓரத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால் ட்ரிக்கரை அழுத்துங்கள். மறு ஓரத்தைத் தாண்டிய பிறகு விடுங்கள். நின்ற இடத்தில் அழுத்தினால் அங்கே ஒரு திட்டு. அடுத்த வரிசை, முன் வரிசையில் பாதியை மூட வேண்டும். இந்தப் பாதிக்குப் பாதிக் கணக்கு தவறினால் காய்ந்த பிறகு பட்டை பட்டையாகத் தெரியும். தட்டுக் கதவில் முதலில் நான்கு ஓரங்கள், பிறகு உட்பள்ளங்கள், கடைசியில் சமமான முகம்.

முதல் கோட் அடியில் உள்ளது தெரிகிற அளவுக்கு மெல்லியதாகவே இருக்கட்டும். "இன்னும் கொஞ்சம் விழட்டும்" என்ற ஆசைதான் வழிசலுக்குக் காரணம். கிடைமட்டமாகப் போட்டு அடிக்க முடிந்த கதவுகளைப் படுக்க வைத்தே அடியுங்கள், வழிய இடமில்லை. இரண்டாம் கோட்டைக் குறுக்குத் திசையில் கொண்டுபோகலாம்.

சுவரில் ஏர்லெஸ் அடிப்பவர்கள், ஈரம் இருக்கும்போதே பின்னால் இன்னொருவர் காய்ந்த ரோலரை ஒரு தடவை ஓட்டிவரச் செய்யுங்கள், முதல் கோட்டுக்காவது. பெயின்ட் துவாரங்களுக்குள் இறங்கும். பிற்காலத்தில் ரோலரால் திருத்தும் இடம் வேறாகத் தெரியாது.

12. வழிந்தால், துப்பினால்

வழிசல் ஈரமாக இருக்கும்போதே கண்ணில் பட்டால் மெல்லிய பிரஷ்ஷால் ஒரே இழுப்பு. சற்றுக் காயத் தொடங்கிவிட்டால் தொடாதீர்கள். முழுக்கக் காயட்டும், 320 தாளில் சமன் செய்து அடுத்த கோட்டில் மறைக்கலாம்.

ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக இருந்தால் பெயின்ட் கெட்டி, அல்லது தூரம் அதிகம். தொட்டால் மணல் போலிருந்தால் வெப்பம், தூரம், அல்லது கை வேகம். கன் விட்டு விட்டுத் துப்பினால் குவளையில் பெயின்ட் தீர்ந்திருக்கும், உறிஞ்சுகுழாய் எதிர்ப்பக்கம் பார்த்திருக்கும், அல்லது முனை இறுக்கமில்லாமல் காற்று நுழைகிறது. கீழ்நோக்கி அடிக்கும்போது குழாயின் வளைவு முன்பக்கமும், மேல்நோக்கி அடிக்கும்போது பின்பக்கமும் இருக்க வேண்டும்.

13. உடனே கழுவுங்கள்

சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து என்பது கூடாது. எமல்ஷன் முனைக்குள் சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்கும். இரண்டு கோட்டுக்கு நடுவே இடைவெளி பெரிது என்றால் அப்போதும் கழுவ வேண்டும்.

மின்கம்பியைப் பிடுங்கி விட்டு, குவளையில் மிஞ்சியதைத் தனிப்புட்டியில் ஊற்றுங்கள். தண்ணீர்ப் பெயின்ட்டுக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், எண்ணெய்ப் பெயின்ட்டுக்கு அதே டர்பன்டைன். அதைக் குவளையில் ஊற்றிக் குலுக்கி, மின்கம்பியை மறுபடி செருகி, பழைய வாளிக்குள் அடித்து வெளியேற்றுங்கள். தெளிவாக வரும்வரை மாற்றி மாற்றி. தீப்பிடிக்கும் கரைப்பானை மின்சாரக் கன்னில் அடிக்கக் கையேடு தடுத்திருந்தால், கழற்றிக் கையால் கழுவுங்கள். பிறகு மின்கம்பியைப் பிடுங்கி, காற்று மூடி, முனை, ஊசியைக் கழற்றி மெல்லிய பிரஷ்ஷால் தேயுங்கள். ஓட்டைக்குள் ஊசியோ கம்பியோ விடக் கூடாது, மரப் பல்குச்சி போதும். முழுக் கன்னையும் தின்னரில் ஊறப்போட்டால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் உப்பிப் போகும். ஊசியில் ஒரு துளி வாசலின் தடவி, காய்ந்த பின் பூட்டுங்கள். ஏர்லெஸ் பம்பைத் தண்ணீரோடு மூடி வைக்காதீர்கள், சேமிப்புத் திரவம் ஓடவிட்டு வையுங்கள்.

கழுவிய தின்னரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடிய டப்பாவில் ஓரிரு நாள் வைத்தால் நிறம் அடியில் படியும். மேலே தெளிந்ததை வடித்து அடுத்த கழுவலுக்கு வைத்துக்கொள்ளலாம், அடிக்கசடு அபாயக் கழிவாகப் போக வேண்டும்.

மிஞ்சிய பெயின்ட்டில் நீர்த்ததைத் தனிப்புட்டியில், தேதியோடு, எத்தனை மில்லி சேர்த்தது என்ற குறிப்போடு வையுங்கள். நீர்த்ததை மூல டப்பாவில் திருப்பி ஊற்றக் கூடாது. கதவுகளை மாட்டுவதற்கு ஒரு முழு நாளாவது பொறுங்கள். தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் தண்ணீர் எனாமல் முழுசாக இறுக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதுவரை ஈரத்துணியால் அழுத்தித் துடைப்பதும், கதவில் டேப் ஒட்டுவதும், அலமாரித் தட்டில் கனமான சாமானை இழுத்து வைப்பதும் வேண்டாம்.